கோர்வை

நுழையும்முன்

கலைகள் எல்லை கடந்து பயணிப்பவை. ஒரு நாட்டில் பிறந்த கருவி மற்றொரு நாட்டின் இசையைத் தன் இசையாக்கிக்கொள்கிறது. எங்கோ ஒரு சிற்றூரில் ஆடுவதற்கென அமைந்த மெட்டு, கடல் கடந்து வந்து வழிபாட்டுப் பாடலாகிறது. இத்தகைய பயணங்களை வரலாறு பதிவு செய்கிறது. ஆனால், அவற்றைத் தோளில் சுமந்த எளிய கலைஞர்கள் பல நேரங்களில் விடுபட்டுப் போகின்றனர். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்து வயலின் கற்ற ஒருவர், அத்தகைய கலைஞர் ஒருவரைத் தம் நினைவிலிருந்து நம்முன் நிறுத்துகிறார்.

ஒரு சொல், இரு தொழில்

காஞ்சிபுரத்தில் 'கோர்வை' என்னும் சொல்லை இரண்டு இடங்களில் கேட்கலாம். ஒன்று தறிக்கூடம்; மற்றொன்று இசையரங்கு. நான் அச்சொல்லை முதலில் கேட்டது தறிக்கூடத்தில்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்கூடத்தில் குழித்தறி. குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்தபடி அப்பா நெய்வார். காஞ்சிப் பட்டுச் சேலையின் உடலும் கரையும் பெரும்பாலும் வெவ்வேறு நிறத்தில் அமையும். உடல் மாம்பழ மஞ்சள் என்றால், கரை அரக்காக இருக்கும். இரண்டையும் தனித்தனியே நெய்து, பிறகு தைத்துச் சேர்ப்பதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்று நாடாக்களை ஓட்டி, ஒவ்வோர் ஊடையிலும் உடல் இழையையும் கரை இழையையும் ஒன்றோடொன்று பிணைத்துச் செல்ல வேண்டும். இதற்குத்தான் கோர்வை என்று பெயர். ஒருவராகச் செய்ய இயலாத வேலை இது. நெய்பவருக்குப் பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து, கரை நாடாவை வாங்கித் தர வேண்டும். அந்த வேலையை அம்மா செய்தார். விடுமுறை நாள்களில் நான் செய்தேன். "சேலை நைந்து கிழிந்தாலும் கரை பிரியக் கூடாது" என்பது எங்கள் தெருவின் பேச்சு.

அந்தத் தறியில் ஏறிய பொருள்களில் பல, காஞ்சியில் விளைந்தவை அல்ல. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வந்தது. ஜரிகை குஜராத்தின் சூரத் நகரத்திலிருந்து வந்தது. பூவேலைக்காகத் தறியின்மேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியோ, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய அமைப்பின் வழிவந்தது. ஆயினும், தறியிலிருந்து இறங்கும் சேலையைக் காஞ்சிப் பட்டு என்றே உலகம் அழைக்கிறது. எங்கிருந்தோ வந்த பொருள்களை இவ்வூர்க் கைகள் இவ்வூர் முறைப்படி பிணைத்ததால் வந்த பெயர் அது.

இசையரங்கிலும் கோர்வை உண்டு. மிருதங்கக் கலைஞர் சொற்கட்டுகளைக் கணக்காகத் தொடுத்து முழக்கி, தாளத்தின் உரிய இடத்தில் வந்து சேர்வது கோர்வை. அடவுகளைத் தொடுத்து ஆடுவதும் கோர்வை. இந்த இரண்டாம் பொருளை எனக்கு உணர்த்தியவர், அடுத்த தெருவில் வாழ்ந்த பிடில் வாத்தியார்.

காலுக்குப் போட்ட மெட்டு

ஊரார் அனைவரும் அவரைப் பிடில் வாத்தியார் என்றே அழைத்தனர். அதுவே அவர் பெயராகிவிட்டது. நான் அவரிடம் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. பகலில் இராட்டையில் பட்டு இழை சுற்றிக் கொடுப்பார். மாலையில் பிள்ளைகளுக்குப் பிடில் சொல்லித் தருவார். 'வயலின்' என்னும் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. இளமையில் அவர் சதிராட்டத்திற்கு வாசித்தவர்.

சரளி வரிசை கைக்கு வந்ததும் அவர் எனக்குக் கற்பித்த முதல் பாடல், முத்துசுவாமி தீட்சிதரின் 'வந்தே மீனாக்ஷி'. சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்த சிறிய பாடல் அது. அசைவும் வளைவும் இல்லாமல், சுரங்கள் படிக்கட்டு இறங்குவதுபோல் நேராக ஓடும். வாசிக்கத் தொடங்கியதும் என் கால் தானாகத் தட்டியது.

"துள்ளுகிறதே ஐயா, இது சாமி பாட்டுத்தானா?" என்று கேட்டேன்.

"சாமி பாட்டுத்தான் தம்பி. ஆனால், காலுக்குப் போட்ட மெட்டு. போட்டவன் யாரோ, எந்த ஊரோ. ஆடுகிறவர் காலைப் பார்த்துக்கொண்டே போட்டிருக்கிறான். வில்லை இழுக்கும்போது அதை மறந்துவிடாதே" என்றார்.

அந்த மெட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பிடில் வந்த வழி

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் இளமையில், அவருடைய தந்தை இராமசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த முதலியார் குடும்பத்தின் அழைப்பை ஏற்றுக் குடும்பத்துடன் அங்குச் சென்றார். அக்குடும்பத்தினர்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. புனித சார்ச்சுக் கோட்டையில் ஒலித்த மேற்கத்திய வாத்தியக் குழுவின் இசையைத் தீட்சிதர் சகோதரர்கள் கேட்டது அக்காலத்தில்தான் என்று இசை வரலாறு கூறுகிறது. தம்பியருள் ஒருவரான பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786), ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதில் தென்னக இசையை வாசித்துக் காட்டினார். பின்னர் எட்டயபுரம் அரசவையின் இசைக்கலைஞராக விளங்கினார்.

கருவி வந்தது, வாசிக்கும் முறை அப்படியே வரவில்லை. மேற்கில் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, பிடிலைத் தாடைக்கும் தோளுக்கும் இடையே வைத்து வாசிப்பர். நம் கலைஞர்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையை வலக்காலிலும் ஊன்றினர். கருவியைத் தாங்கும் பொறுப்பு நீங்கியதால் இடக்கை விடுதலை பெற்றது. தந்தியில் வழுக்கிச் சென்று கமகங்களை எழுப்ப முடிந்தது. நான்கு தந்திகளையும் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் எனச் சுருதி கூட்டினர்.

முத்துசுவாமி தீட்சிதரோ மெட்டுகளை எடுத்துக்கொண்டார். தாம் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் பாடல்கள் புனைந்தார். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் இன்று 'நோட்டுசுர சாகித்தியங்கள்' என வழங்குகின்றன. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டு, அவற்றுள் ஒன்றில் அம்பிகையின் துதியாகியது.

தீட்சிதர் காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள் தங்கியவர். உபநிடதங்களுக்கு உரை கண்ட உபநிடத பிரமேந்திரரோடு இங்கு அவர் பழகினார். ஏகாம்பரநாதரைப் பைரவி இராகத்தில் அவர் பாடிய கிருதி, ஆழ்ந்த நீரோட்டம்போல் மெல்ல நகர்வது. ஒவ்வொரு சுரமும் அசைந்து வளைந்து அடுத்ததைத் தொடும். அதே இறைவனை, 'காஞ்சீசம்' எனத் தொடங்கும் நோட்டுசுரப் பாடலிலும் அவர் துதித்துள்ளார். அது சிறுவர்கூட ஒரு நாளில் கற்றுக்கொள்ளத்தக்க எளிய மெட்டு. கடினமானது உயர்ந்தது, எளியது தாழ்ந்தது என்று அவர் கருதவில்லை. உள்ளூர் இராகத்தையும் அயலூர் மெட்டையும் ஒரே சந்நிதிக்குக் கொண்டு வந்தார்.

அவரிடம் பயின்ற தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறப்புகள். அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று பரதநாட்டிய மேடையில் காணும் வரிசையைச் செம்மை செய்தவர்கள் இவர்களே. இளையவரான வடிவேலு வயலினில் பெரும்புலமை பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பிடில் தமிழ்நாட்டில் வேரூன்றிய கதையில் ஆடலாசிரியர் குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்பதை இதனால் அறியலாம்.

ஆடுபவருக்குப் பின்னால்

காஞ்சிபுரம் ஆடலும் பாடலும் செழித்த ஊர். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் பாடிய ஊர். அவர் குடும்பத்தில் வந்த நாயனாப் பிள்ளை (1889–1934), பல தாளக் கருவிகள் சூழ 'புல் பெஞ்ச்' கச்சேரி செய்து புகழ்பெற்ற ஊர். ஏழு வயதுச் சிறுமியாக பாலசரஸ்வதி 1925ஆம் ஆண்டில் அரங்கேறியதும் இவ்வூர் அம்மன் கோயிலில்தான். தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளை அவருடைய ஆசிரியர். அந்த அரங்கேற்றத்தைச் சிறுவனாகக் கூட்டத்தில் நின்று பார்த்ததாக வாத்தியார் சொல்வார். சொல்லும்போது ஆடிய சிறுமியைப் பற்றி இரண்டு சொற்களும், பின்னால் இருந்த வாத்தியக்காரர்களைப் பற்றி இருபது சொற்களும் வரும்.

ஆடல் குழுவைச் 'சின்ன மேளம்' என்பர். நட்டுவனார் தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்வார். மிருதங்கத்தை இடுப்பில் கட்டியவர் ஒருவர். முகவீணை அல்லது கிளாரினெட் வாசிப்பவர் ஒருவர். சுருதிக்குத் துத்தி ஊதுபவர் ஒருவர். முற்காலத்தில் இவர்கள் நின்றபடியே வாசித்தனர். ஆடுபவர் முன்னே நகர்ந்தால் தாமும் நகர்ந்தனர். வாத்தியாரின் இளமையில் ஓரமாக உட்கார்ந்து வாசிக்கும் வழக்கம் பரவிக்கொண்டிருந்தது.

அவர் கற்பித்த பாடங்களுள் முதன்மையானது, எங்கே பார்ப்பது என்பதே. "கச்சேரியில் பிடில்காரன் பாடகர் வாயைப் பார்ப்பான்; ஆட்டத்தில் பிடில்காரன் ஆடுகிறவர் காலைப் பார்க்க வேண்டும். பதத்தில் ஒரே அடியைப் பத்து முறை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் பொருள் வேறு. அப்போது முகத்தைப் பார்க்க வேண்டும். தன் விரலைப் பார்க்கிறவன் தொலைந்தான்" என்பார். கைதட்டல் எழும்போது வில்லைத் தாழ்த்திவிட வேண்டும் என்பது அவர் விதித்த மற்றொரு விதி. அது ஆடியவருக்கு உரியதாம்.

அயர்லாந்தின் அடுக்களைகளில்

'வந்தே மீனாக்ஷி'யின் மெட்டை நான் மறுபடியும் கேட்டது, நண்பர் ஒருவர் வைத்திருந்த அயர்லாந்து நாட்டுப்புற இசைத் தொகுப்பில். அதே ஓட்டம், அதே துள்ளல். பெயர் மட்டும் வேறு: 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் உள்ள ஊர் மாலோ. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த இளஞ்சூடான நீரூற்றுகளை நாடி வந்து, குடித்துக் களித்துப் பொழுது போக்கிய இளைஞர்களைப் பற்றிய வேடிக்கைப் பாடல் அது. கம்பெனிப் படைகளில் அயர்லாந்து வீரர் பலர் பணியாற்றினர். மதுக்கூடப் பாடலின் மெட்டு கோட்டைக்கு வந்தது. தீட்சிதரின் செவிக்கு எட்டியது. மதுரை மீனாட்சியின் துதியாயிற்று. இம்மெட்டுகளின் மூலங்களை ஆராய்ந்த அமெரிக்கவாழ் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன், இருநாட்டு இசைக்கருவிகளையும் இணைத்து இவற்றை மேடையேற்றியுள்ளார்.

மாலோவுக்கு மேற்கே, கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையில் ஷ்லீவ் லூக்ரா என்னும் மலைப்பாங்கான பகுதி உள்ளது. பிடிலில் 'போல்கா' வாசிப்பதற்குப் பெயர்பெற்ற பகுதி அது. பண்ணை வீடுகளின் அடுக்களைகளில், மேசையை ஓரமாக நகர்த்திவிட்டு, கல்தரையில் இணை இணையாக ஆடுவர். மூலையில் ஒருவர் பிடில் வாசிப்பார். அங்கு வாழ்ந்த பிடில் ஆசிரியர் பாட்ரிக் ஓகீஃப் (1887–1963) பள்ளி ஆசிரியர் பணியை இழந்தபின், ஊர் ஊராக நடந்து வீடுதோறும் பிடில் கற்பித்தவர். இசைக் குறியீடு அறியாத உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் எளிய முறை ஒன்றை வகுத்தார்: நான்கு தந்திகளுக்கு நான்கு இடைவெளி, அவற்றில் எந்த விரல் என்பதற்கு ஓர் எண். அவரிடம் பயின்ற டெனிஸ் மர்ஃபியும் அவருடைய சகோதரி ஜூலியா கிளிஃபர்டும் அயர்லாந்து முழுதும் அறியப்பட்ட கலைஞர்களாயினர்.

ஓகீஃபின் முறையை அறிந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. எங்கள் வாத்தியாரும் சரிகமபதநி எழுதத் தெரியாத சிறுவர்களுக்குத் தந்திக்கும் விரலுக்கும் எண்ணிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், தொலைவிலுள்ள இரு சிற்றூர்களில், ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றனர். இருவரும் ஆடுபவர் காலைப் பார்த்து வாசித்தவர்கள்.

தெரிந்து தெளிவோம்

போல்கா: இன்றைய செக் குடியரசின் பகுதியான பொகீமியாவில் தோன்றிய இணையர் ஆடல். 1840களில் ஐரோப்பிய நகரங்களில் பரவியது. விரைவான இரண்டு எண்ணிக்கைத் தாளம் கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்தில் வேரூன்றியது. அங்கு ஏற்கெனவே வழங்கிய 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' போன்ற பழைய மெட்டுகளும் போல்கா ஆடலுக்கு வாசிக்கப்படலாயின.

வில்லுக்கு வேலை போன கணக்கு

பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் தடை செய்தது. முத்துலட்சுமி ரெட்டி முதலானோர் நெடுங்காலம் போராடிய கோரிக்கை அது. அறியாப் பருவத்துச் சிறுமியரின் வாழ்வைக் காத்த சட்டம் அது. ஏறத்தாழ அதே காலத்தில் சதிராட்டம், பரதநாட்டியம் என்னும் பெயரோடு சென்னையின் அரங்குகளுக்கும், 1936ஆம் ஆண்டில் தொடங்கிய கலாக்ஷேத்திரம் போன்ற பயிலகங்களுக்கும் இடம்பெயர்ந்தது. ஊர்க்கோயில்களையும் திருமண வீடுகளையும் நம்பியிருந்த சின்ன மேளங்கள் கலைந்தன. வாத்தியக்காரர் சிலர் நகரத்திற்குச் சென்று மேடை பெற்றனர். சிலர் நாடகக் குழுக்களிலும் திரைப்பட இசைக்குழுக்களிலும் சேர்ந்தனர். எங்கள் வாத்தியார் இராட்டைக்குச் சென்றார்.

ஒருநாள் அவரிடம், "அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் நீங்கள் பெரிய கலைஞராக இருந்திருப்பீர்கள் அல்லவா?" என்று கேட்டேன். இழை சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்படிப் பேசாதே தம்பி. எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், அது பெரிது. என் வில்லுக்கு வேலை போனது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது" என்றார்.

சிறிது நேரம் கழித்து, "ஆனால், அந்தக் கணக்கையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்" என்றார். தம்மைப் பற்றி அவர் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றுதான்.

நான்காவது வரி

அயர்லாந்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மெட்டை இயற்றியவர் யார் எனத் தெரியாதபோது, அதை வாசித்தவர் பெயராலேயே மெட்டை அழைப்பர். 'டெனிஸ் மர்ஃபியின் போல்கா' என்றால், அவர் இயற்றியது என்பது பொருளன்று. அவரிடமிருந்து நமக்கு வந்தது என்பது பொருள். தந்தவரை மறக்காமலிருக்க அவர்கள் கண்ட வழி அது.

நம் மரபிலும் பாடகர்க்குப் பாடாந்தரம் உண்டு. இன்னாரிடமிருந்து இன்னார் பெற்றார் எனக் கூறுவர். ஆடலுக்குப் பின்னிருந்து வாசித்தவர்க்கு அந்தப் பேறு வாய்ப்பது அரிது. ஆடியவர் பெயர் நின்றது. நட்டுவனார் பெயர் ஓரளவு நின்றது. துத்தி ஊதியவர், முகவீணை வாசித்தவர், பிடில் இழுத்தவர் பெயர்கள் எங்கே? சேலையைப் பார்ப்பவர் உடலைப் பாராட்டுவர், கரையைப் பாராட்டுவர். அவ்விரண்டையும் பிரியாமல் பிடித்திருக்கும் இழையைத் தேடிப் பார்ப்பவர் நெய்தவர் மட்டுமே.

இப்போது நானும் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கிறேன். தறியோசை குறைந்துவிட்ட எங்கள் தெருவில் அக்கருவியின் ஓசை சற்றுத் தெளிவாகவே கேட்கிறது. பாடல் எழுதும் குறிப்பேட்டில் பிள்ளைகள் வழக்கமாக மேலே மூன்று வரிகள் எழுதுவர்: இராகம், தாளம், இயற்றியவர். நான்காவதாக ஒரு வரியையும் எழுதச் சொல்கிறேன்: 'வாசிக்கக் கற்பித்தவர்'. சென்ற வாரம் ஒரு சிறுமி 'வந்தே மீனாக்ஷி'யைத் தொடங்கினாள். இராகம், சங்கராபரணம். இயற்றியவர், முத்துசுவாமி தீட்சிதர். நான்காம் வரியில் என் பெயரை எழுதப் போனவளை நிறுத்தி, வேறொன்றை எழுதச் சொன்னேன். அவள் எழுதினாள்: 'பிடில் வாத்தியார், பிள்ளையார்பாளையம்'.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் திருவிழா, திருமணம், கூத்து ஆகியவற்றில் இசைக்கருவி வாசிக்கும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் யாரிடம் கற்றார், எவ்வாறு கற்றார் என்பதைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. "இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது" என்னும் கூற்றை, அது கூறப்பட்ட சூழலோடு பொருத்தி விளக்குக.

3. பிற நாடுகளிலிருந்து வந்து தமிழர் வாழ்வோடு கலந்துவிட்ட கருவிகள், பொருள்கள் ஐந்தனைப் பட்டியலிட்டு, நாம் அவற்றைப் பயன்படுத்தும் முறையில் செய்துகொண்ட மாற்றங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.